முப்பத்தைந்து பேர் பாஸ்

ஜூலை 8, செவ்வாய்

விடியலிலிருந்தே காற்று. நல்லம்பள்ளி தாண்டுவதற்குள் ஸ்கூட்டியை இரண்டு முறை ஓரம் கட்டினேன். ஓடைக்கொட்டாயில் மாத முகாம்.

பையில்: பி.பி. மிஷின், மாற்று பேட்டரி, சுகர் பார்க்கிற ஸ்டிரிப் ஒரு டப்பா, 38 நோயாளி அட்டைகள், மாதப் படிவம். வீட்டிலேயே மறந்தது: என் சாப்பாடு.

பள்ளிக்கூட வராந்தாவில் ஒன்பது மணிக்கே வரிசை. இந்த ஊரில் மட்டும் யாரையும் கூப்பிட்டு அனுப்ப வேண்டியதில்லை. மாதம்மா பார்த்துக்கொள்வாள். இந்த ஊர்ப் பெண், தன்னார்வலர். முகாமுக்கு முந்தின நாள் சாயங்காலம் வீடு வீடாகப் போய் அந்த மாத மாத்திரையைக் கொடுத்துவிட்டு, "நாளைக்கு நர்ஸம்மா வர்றாங்க" என்று சொல்லிவிடுவாள். எல்லாரும் குளித்து, தலை வாரி, கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி வருகிறார்கள்.

38 பேரில் 35 பேருக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள். மேடத்துக்கு (வட்டார மேற்பார்வையாளர்) உடனே போன். ரொம்ப சந்தோஷம் அவருக்கு. "உன் ஊருதான் வட்டாரத்துலயே ஃபர்ஸ்ட். ஆகஸ்ட் பதினஞ்சு சான்றிதழ் லிஸ்ட்டுல உன் பேரப் போட்டுட்டேன்." ஒப்பந்த நர்ஸாக ஒன்பது வருஷம். சான்றிதழ் இருந்தால் நிரந்தரம் ஆகும்போது உதவும் என்கிறார்கள். எனக்கும் சந்தோஷம்தான், மறைப்பானேன்.

எனக்கு இந்த ஊர் வைத்திருக்கிற பேர் உப்பு நர்ஸ். கருவாடு, ஊறுகாய், அப்பளம் எதைக் கண்டாலும் கத்துவேன். பி.பி. ஏறியிருந்தால் வரிசையில் எல்லார் முன்னாலும் கேட்பேன். கத்தினதால்தான் 35 என்று இன்று காலை வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்றேகால். மூட்டை கட்டி வண்டியை எடுக்கும்போது குழாயடியிலிருந்து சத்தம். முனியம்மாக்கா விழுந்து கிடக்கிறார். வயது 57, சாமந்தித் தோட்டத்தில் பூப் பறிக்கிறவர். நெற்றி கிழிந்து கண்ணெல்லாம் ரத்தம். முக்கால் மணி நேரத்துக்கு முன்னால்தான் அவருக்கு 118/70 பார்த்து, முதுகில் தட்டி அனுப்பினேன்.

இப்போது 84/50. மணிக்கட்டைப் பிடித்து முழு நிமிடம் எண்ணினேன். நாடி 41. சுகர் 112, ஆக அது இல்லை. படுக்க வைத்துக் காலைத் தூக்கி வைத்தேன், காயத்தை அழுத்திப் பிடித்தேன். ஒருத்தி காபி, ஒருத்தர் சோடா. அரை மயக்கத்தில் இருக்கிறவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள் என்று கத்தினேன்.

இடுப்புச் சுருக்குப் பையில் இரண்டு மாத்திரை அட்டைகள். அட்டெனலால், அம்லோடிபின், இரண்டும் பி.பி.க்கு. இரண்டிலும் நான்கு நான்கு குழி காலி. மாதம்மா அதைக் கொடுத்தது நேற்று சாயங்காலம். ஒரு நாளைக்கு ஒன்று ஒன்றுதான். ஒரு ராத்திரியும் ஒரு காலையும் சேர்ந்து எட்டு மாத்திரை.

108-இல் நானும் ஏறினேன். வழியில் கண் திறந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது இது:

"நர்ஸம்மா... நான் பாஸ்தானுங்களே?"

தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரி வாசலில் மகன் முருகன் ஓடி வந்தான். என்னை ஓரமாக இழுத்தான். "அக்கா, மாத்திரை கதையெல்லாம் எடுக்காதீங்க. மருந்தக் குடிச்சிட்டாங்கன்னு எழுதிருவாங்க. போலீஸ் வரும், ஊரே பேசும். வெயில்ல மயக்கம்னு சொல்லிருங்க."

வெயில் என்று சொன்னால் ஒரு பாட்டில் ஏற்றிவிட்டுப் படுக்க வைப்பார்கள். நாடி இன்னும் இறங்கும். உள்ளே போய் இரண்டு அட்டையையும் டியூட்டி டாக்டர் மேஜையில் வைத்தேன்.

"எட்டு மாத்திரை டாக்டர். சாகறதுக்குப் போடல. என்கிட்ட நல்ல பேரு வாங்கறதுக்குப் போட்டிருக்காங்க."

அந்த டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஊசிக்குச் சொன்னார்.

ஜூலை 9, புதன்

முனியம்மாக்கா தேறிவிட்டார். நாடி 58. நெற்றியில் ஐந்து தையல். ராத்திரி முழுக்க மானிட்டரில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

காலையில் பி.பி. மிஷினின் நினைவுப் பொத்தானை அமுக்கி நேற்றுப் பார்த்த எல்லாவற்றையும் திரும்ப ஓட்டினேன். மிஷின் மூன்று எண் காட்டும். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் நாடி. முனியம்மாக்காவுக்கு நேற்றுக் காலை பத்தரைக்கே நாடி 46. என் கண் முன்னால் நின்றிருக்கிறது. படிவத்தில் நாடிக்குக் கட்டம் இல்லை, அதனால் எழுதவில்லை. எழுத இடமில்லாததால் பார்க்கவும் இல்லை. அட்டெனலால் சாப்பிடுகிறவருக்கு முதலில் நாடியைப் பார் என்று படிக்கும்போது அடித்து அடித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். பாஸ் செய்தவள் நான்.

நேற்று நாடி 55-க்குக் கீழே இருந்தவர்கள் ஒன்பது பேர். இப்போது எண்ணிப் பார்த்தால் தெரிகிறது.

மதியம் அவர் படுக்கையருகில் உட்கார்ந்தேன். திட்டவில்லை. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது போல.

"தெனைக்கும் ஏன் போடறதில்ல அக்கா?"

"போட்டா கால் வீங்குதுங்க. சாயங்காலம் செருப்பு ஏற மாட்டேங்குது. பங்குனியில உங்ககிட்ட சொன்னனே."

"நான் என்ன சொன்னேன்?"

"உப்ப வுடு, எல்லாம் சரியாப் போவும்னு சொன்னீங்க. அப்புறம் நான் ஒண்ணும் சொல்லல."

அம்லோடிபினுக்குக் கால் வீங்கும். எனக்குத் தெரியும், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். உப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது வேறு மாத்திரை தருவார். பங்குனியில் வரிசை நீளம், எனக்கு வெயில், வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. எழுதி வைக்கிறேன்.

மின்கட்டணம் கடைசி நாள். கட்டியாயிற்று.

ஜூலை 10, வியாழன்

மாதம்மாவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னேன். டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை, டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியுங்க."

"எத்தனை பேரு?"

"பாதிக்கு மேலங்க. நான் போயி நாளைக்கு நர்ஸம்மா வர்றாங்கன்னு சொன்னதும், ராத்திரிக்கு ரெண்டு, காலைல ரெண்டு. அன்னிக்கு ஒரு நாளைக்குக் களியில உப்பு கூட போட மாட்டாங்க. எங்க மாமியாளும் அப்படித்தாங்க."

"மத்த நாளு?"

"மத்த நாளு யாரு வந்து பாக்கறாங்க?"

கோபம் வந்தது. முதலில் அவள் மேல். "ஏண்டி, செத்திருந்தா?" என்றேன். அவள் அழுதாள், ஆனால் அழுதுகொண்டே விடவில்லை.

"போன வருசம் எங்க பெரியம்மாவுக்கு ஏறி இருந்திச்சுன்னு அத்தன பேரு மின்னாடி என்னா பேச்சு பேசுனீங்க? சோத்துல உப்பத் திங்கிறியா, உப்புல சோத்தத் திங்கிறியான்னு. ஊரே சிரிச்சிது. அதுக்கப்புறந்தாங்க இது. நானு சொல்லியிருந்தா என்னைய வுட்டிருப்பீங்களா?"

நான் அன்று சொன்னதற்கு நானும் சிரித்திருக்கிறேன், நன்றாக நினைவிருக்கிறது.

அட்டெனலாலை இருபது நாள் விட்டுவிட்டு ஒரே நாளில் நான்கு போடுவது. திடீரென்று விட்டாலும் இதயம் படபடக்கும், திடீரென்று ஏற்றினாலும் நாடி விழும். மாதாமாதம் ஒரு முறை, என்னைப் பார்க்கிறதுக்காக, பாதி ஊர் இதைச் செய்திருக்கிறது. கட்டுக்குள் இருந்தது பி.பி. இல்லை. ஊர் வாய்தான் கட்டுக்குள் இருந்திருக்கிறது.

ஜூலை 12, சனி

விடுமுறை. ஓடைக்கொட்டாய்க்குச் சொல்லாமல் போனேன். மாதம்மாவிடம் மட்டும் சொல்லி, சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

நேற்று ராத்திரி எனக்கு நானே எழுதிக்கொண்டது:

மாத்திரை போட்டீங்களா என்று கேட்கக் கூடாது. எல்லாரும் போட்டேன் என்பார்கள். கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேட்க.
உட்கார வைத்து ஒரு தடவை பி.பி. எழுந்து நிற்க வைத்து, பொறுத்து, இன்னொரு தடவை.
நாடி விரலால். முழு நிமிடம்.
கணுக்காலை அழுத்திப் பார்க்க. மெட்டி இறுகுதா?
அட்டையில் மிச்சக் குழியை எண்ண, அவர்கள் எதிரிலேயே, முகத்தைச் சுளிக்காமல்.
வாயை மூடிக்கொண்டிருக்க. (இது எனக்கு.)

கடைசிதான் கஷ்டம். முதல் வீட்டில் கருவாடு கொடியில் தொங்கியது. பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டம்மா நான் திட்டாததால் பதறிப்போய், "இது பக்கத்து வூட்டுதுங்க" என்றார்.

29 பேரைப் பார்க்க முடிந்தது. சிலரைத் தோட்டத்து வரப்பில், ஒருத்தரைத் தக்காளி ஏற்றுகிற வண்டி நிழலில். ஏழு பேருக்குத்தான் கட்டுக்குள். ஒரு வீட்டில் 190/110, அவரை அப்போதே டாக்டரிடம் அனுப்பினேன். பிஸ்கட் டப்பாக்களில், அரிசிப் பானையில், சாமி படத்துக்குப் பின்னால், பிரிக்காத அட்டைகள். ஒரு டப்பாவில் போன தீபாவளிக்குக் கொடுத்தது.

திட்டு விழாது என்று தெரிந்ததும் இரண்டு மூன்று பேர் வாய் திறந்தார்கள். நீர் பிரிகிற மாத்திரையை ஒருத்தி தொடுவதே இல்லை. "பூத்தோட்டத்துல பத்துப் பொம்பளைங்க, ஒதுங்க ஒரு மறைப்பு கெடையாது. மாத்திரையப் போட்டுட்டு நாங்க எங்க போறது?" என்றாள். சரியான கேள்வி. எந்தப் பாடப் புத்தகத்திலும் எனக்கு இது வரவில்லை.

வீட்டுக்கு வந்து அடிக்கோல் எடுத்து மாதப் படிவத்தில் இரண்டு கட்டம் கூடுதலாக வரைந்தேன். ஒன்று நாடி. இன்னொன்று: மாத்திரையால் என்ன தொந்தரவு, அவர் சொன்னபடி.

ஜூலை 15, செவ்வாய்

வட்டாரக் கூட்டம். பகல் சாப்பாடு எலுமிச்சை சாதம், உப்பு அதிகம், வாயை மூடிக்கொண்டு தின்றேன்.

என் படிவத்தை மேடம் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"எட்டாந் தேதி ரீடிங்தான் கணக்கு. பன்னெண்டாந் தேதி உன்ன யாரு போகச் சொன்னது?"

"எட்டாந் தேதி ரீடிங் மாத்திரையோட ரீடிங்ங்க மேடம். ஆளோடது பன்னெண்டாந் தேதிதான்."

"ஃபார்ம்ல கோடு போட்டிருக்க. யாரு கொடுத்த அதிகாரம் இது?"

"அடிக்கோல் என்னுதுங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. எழுந்து என் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் பேசினார். அதுதான் இன்னும் மோசம். "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்மா. முப்பத்தஞ்சுன்னு மேல போயிருச்சு. இப்ப ஏழுன்னா யாரு நம்புவாங்க? நீ வேலையே செய்யலன்னு ஆயிரும். பழைய ஃபார்ம கொடு, சான்றிதழ வாங்கு, அடுத்த மாசத்துல இருந்து மெதுவா சரி பண்ணிக்கோ."

"அடுத்த மாசம் முகாமுக்கும் மாத்திரைய முழுங்கிட்டு வருவாங்க மேடம். யாராச்சும் குழாயடி வரைக்கும் போகாமலே விழுந்தா, அதையும் மெதுவா சரி பண்ணிக்கலாமா?"

எங்கள் நிலைய டாக்டரும் கூட்டத்தில் இருந்தார். முப்பது வயது, நல்ல மனுஷர். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "சிஸ்டர், நீங்க சொல்றது கரெக்ட்" என்றார். உள்ளே சொல்லியிருக்கலாம் என்றேன். முகம் சிவந்துவிட்டது அவருக்கு.

நான்கு மணிக்கு மெமோ கையில். அரசுப் படிவத்தில் அனுமதியின்றிக் கூடுதல் கட்டங்கள் வரைந்தது குறித்தும், அனுமதியின்றி விடுமுறை நாளில் களப்பணி செய்தது குறித்தும் ஏழு நாட்களுக்குள் விளக்கம் தரவும். விடுமுறையில் வேலை செய்ததற்கு மெமோ வாங்கினவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. தேங்காய் சுட்டோம். தெருவெல்லாம் அந்த வாசனை.

என் வீட்டுக்காரர் மெமோவைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். "தெரியாம நடந்துருச்சு, மன்னிச்சிருங்கன்னு ரெண்டு வரி. முடிஞ்சு போச்சு. ஒம்பது வருசத்த இதுக்காகவா வுடுவ?"

"தெரியாம நடக்கல. தெரிஞ்சுதான் கோடு போட்டேன்."

"வேலை போனா?"

போனால் என்ன செய்வேன் என்று எனக்கும் தெரியவில்லை. பயம் இருக்கிறது. நேற்றுக் கனவில்கூட மேடம்தான். ஆனால் ஒன்று தெரியும். நான் மன்னிப்புக் கேட்க வேண்டியது ஒரே ஒரு ஆளிடம், அவருக்கு நெற்றியில் ஐந்து தையல். அவரிடம் கேட்டாயிற்று, ஆஸ்பத்திரியிலேயே. மேடத்திடம் கேட்க எனக்கு ஒன்றுமில்லை.

தேங்காய் கருகிவிட்டது, பேச்சில் பார்க்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

மெமோவுக்குக் கடைசி நாள். கடிதம் எழுதாமலே கிளம்பினேன். காற்று ஓயவில்லை.

முனியம்மாக்கா வீடு. தையல் பிரித்தாயிற்று. ஆஸ்பத்திரியில் பழைய இரண்டையும் நிறுத்தி எனலாப்ரில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். நான் உள்ளே நுழையும்போதே மூலையில் ஒரு டம்ளரும் தட்டும் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்ததைக் கவனித்தேன்.

"கடைசியா எப்ப மாத்திரை போட்டீங்கக்கா?"

அவர் மருமகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தலையை நிமிர்த்திக்கொண்டார்.

"வெள்ளிக்கெழமைங்க. அப்புறம் போடல. திட்டறதுன்னா திட்டிக்குங்க, இனிமே பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல."

"ஏன் போடல?"

"இருமல். தொண்டையில பூச்சி ஊர்ற மாதிரி, ராவும் பகலும் வறட்டு இருமல். டி.பி.யா இருக்கும்னு பேசிக்கிறாங்க. பாருங்க, டம்ளரத் தனியா வச்சிட்டா. பேரப்புள்ளய கிட்ட வுட மாட்டேங்கிறா."

கேட்டேன், ஒவ்வொன்றாக. சளி இல்லை. காய்ச்சல் இல்லை. எடை குறையவில்லை. உதடு, நாக்கு, முகம் வீங்கவில்லை, மூச்சு திணறவில்லை. மாத்திரை ஆரம்பித்த நான்காம் நாள் இருமல் தொடங்கியிருக்கிறது. விட்ட பிறகு கொஞ்சம் குறைந்திருக்கிறது. எனலாப்ரிலுக்கு இந்த இருமல் வரும். அங்கேயே எங்கள் டாக்டருக்கு போன் போட்டு, மருமகளுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன். மாத்திரை இருமலாகத்தான் தெரிகிறது, அதை இனிப் போட வேண்டாம், நேரில் பார்த்து வேறு தருகிறேன், சந்தேகத்துக்குச் சளியும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றார். இந்தத் தடவை சத்தமாகவே சொன்னார். மருமகள் டம்ளரை எடுத்துக் கழுவப் போனாள்.

பி.பி. 166/98. நின்று பார்த்தபோது 160/96. நாடி 80. மோசமான எண்கள். ஆனால் ஒரு வருஷத்தில் முனியம்மாக்கா எனக்குக் கொடுத்த முதல் உண்மையான எண்கள். அவர் எட்டிப் பார்த்தார்.

"ஏறியிருக்குதுங்களா?"

"ஏறித்தான் இருக்குது. நீங்க சொன்னதாலதான் எனக்கு வழி தெரியுது."

வெளியே வந்தால் வேலியோரம் ஆட்கள். மாதம்மா முன்னால். "இவங்களும் சொல்லணுங்கறாங்க. எழுதிக்கிறீங்களா?"

சிமெண்ட் தொட்டி மேல் உட்கார்ந்து எழுதினேன். ஒருத்தருக்கு மாத்திரை போட்டால் படி ஏற முடியவில்லை, கை கால் சில்லிடுகிறது. ஒருத்தருக்குச் சுகர் மாத்திரை போட்டு, களிக்கு நேரமானால் வேர்த்துக் கொட்டிக் கை நடுங்குகிறது. இன்னொருத்தர் பஸ்ஸில் போகிற நாளில் சுகர் மாத்திரையே போடுவதில்லை, வயிறு கலக்கி வழியில் இறங்க வேண்டி வருமாம். கால் வீக்கம் நான்கு பேர். பூத்தோட்டத்துப் பெண்கள் மூன்று பேர் சேர்ந்து வந்தார்கள். மாதம்மாவின் மாமியாருக்குக் குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டுகிறது. மொத்தம் பதினொரு பேர். பெயர், மாத்திரை, நாடி, நின்றும் உட்கார்ந்தும் பி.பி., அவரவர் வாய்ச்சொல்.

எழுதி முடித்தபோது தோன்றியது, விளக்கக் கடிதம் இதுதான். மேலே 'மெமோவுக்கு விளக்கம்' என்று தலைப்பு. கீழே என் கையெழுத்து. நடுவில் மன்னிப்பு என்ற வார்த்தை எங்கும் இல்லை. போட்டோ எடுத்து அனுப்பினேன், அசலை நாளை நேரில் கொடுப்பேன்.

பத்து நிமிடத்தில் போன். மேடம்.

"படிச்சேன். சான்றிதழ் லிஸ்ட்டுல இருந்து உன் பேர எடுத்துட்டேன். ஒப்பந்தம் புதுப்பிக்கறதுக்கும் நான் எழுத மாட்டேன். புரியுதா?"

"புரியுதுங்க மேடம். பதினோரு பேருக்கு மாத்திரை மாத்தணும். டாக்டர் வண்டிக்கு உங்க கையெழுத்து வேணும். எந்த நாளு அனுப்பறீங்க?"

மூச்சு மட்டும் கேட்டது. வேலியோரம் பதினொரு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மறுபடியும் கேட்டேன்.